சராசரிக்குக் கீழே ஒரு ஜிமேட் மதிப்பெண்: பிசினஸ் ஸ்கூல் வாய்ப்பை எடைபோடுவது எப்படி

எம்பிஏ சேர்க்கைக்காக பிசினஸ் ஸ்கூல்கள் கேட்கும் ஜிமேட் தேர்வில் 605 வாங்கிய ஒருவர், தாம் சேர விரும்பும் பள்ளியின் சராசரி அதைவிடக் கணிசமாக உயர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது?" என்று கேட்கிறார். எம்பிஏ முடித்த பிறகு, விண்ணப்பிக்கும் இளையவர்களின் கோப்புகளை வாசித்துக் கருத்துச் சொல்லும் பழக்கம் எனக்கு ஏற்பட்டுவிட்டதால், ஒவ்வொரு விண்ணப்பக் காலத்திலும் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் என்னிடம் வந்து சேர்கிறது. விழுக்காட்டில் பதில் சொல்வதை நான் தவிர்த்துவிடுகிறேன். அப்படிக் கணக்கிடுவதற்கு வேண்டிய தரவு வெளியே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு விண்ணப்பதாரர் செய்யக்கூடியது எதுவுமில்லை. குறைந்த மதிப்பெண் என்பது கோப்பை வாசிப்பவர் மனத்தில் ஓர் ஐயத்தை எழுப்புகிறது. அந்த ஐயம் என்ன, அதைத் தீர்த்துவைக்கும் சான்று கோப்பின் மற்றப் பக்கங்களில் இருக்கிறதா, இல்லையென்றால் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் அதை உண்டாக்க முடியுமா என்று பார்ப்பதையே வாய்ப்பை எடைபோடுவது என்று நான் கருதுகிறேன்.

எந்தச் சராசரிக்குக் கீழே என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உலகெங்கும் ஜிமேட் எழுதுகிற அனைவரின் சராசரி 550-ஐ ஒட்டி அமைகிறது. ஆகவே 605 வாங்கியவர், தம்மோடு தேர்வெழுதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தாண்டி நிற்கிறார். தாம் பின்தங்கிவிட்டதாக அவர் நினைப்பது, தரவரிசைகளின் உச்சியில் இருக்கும் சில பள்ளிகளில் ஏற்கெனவே இடம் பெற்றவர்களோடு மட்டும் தம்மை ஒப்பிட்டுக்கொள்வதால்தான். அந்த ஒப்பீடு தேவையானதுதான், ஆனால் பள்ளிக்குப் பள்ளி அது மாறும். ஒரு பள்ளியில் வகுப்பின் அடித்தட்டில் இருக்கும் மதிப்பெண், நல்ல ஆசிரியர்களும் நல்ல வேலைவாய்ப்பும் உள்ள இன்னொரு பள்ளியில் நடுவில் இருக்கக்கூடும். "குறைந்த மதிப்பெண்" என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு வருந்துபவர்களிடம், எந்தப் பள்ளிக்குக் குறைவு என்று கேட்டுத்தான் நான் பேச்சைத் தொடங்குகிறேன்.

இரண்டாவதாக, அளவுகோல் மாறியதால் வந்த குழப்பம். ஜிமேட் ஃபோக்கஸ் எடிஷன் 2023 நவம்பரில் அறிமுகமானது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நின்றுபோனது. பழைய தேர்வின் மொத்த மதிப்பெண் 200 முதல் 800 வரை, பூஜ்யத்தில் முடியும். புதியதன் மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, ஐந்தில் முடியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே எந்த அளவுகோல் என்பது தெரிந்துவிடும். ஆனாலும் புதிய தேர்வில் 655 வாங்கிய ஒருவர், ஒரு பள்ளி தன் மாணவர்களைப் பற்றி வெளியிட்ட பழைய வகுப்பு விவரத்தில் சராசரி 730 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 75 புள்ளி குறைவென்று கலங்கிப்போய் நிற்பதைக் கண்டிருக்கிறேன். தேர்வை நடத்தும் அமைப்பே வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையின்படி புதிய 645, பழைய 700-க்கு ஏறக்குறைய இணையானது. அப்படிப் பார்த்தால் அவருடைய 655 பழைய அளவில் 700-ஐத் தாண்டிய மதிப்பெண். இந்த வேறுபாடு தெரியாமல் தம் பட்டியலிலிருந்து பள்ளிகளை அடித்துவிட்டவர்களும் உண்டு. மதிப்பெண்ணை மதிப்பெண்ணோடு ஒப்பிடுவதைவிடப் பெர்சென்டைலை, அதாவது எத்தனை விழுக்காட்டினர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை, பெர்சென்டைலோடு ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

பள்ளிகள் ஆண்டுதோறும் வெளியிடும் வகுப்பு விவரத்தில் சராசரி, இடைநிலை அளவு, நடு 80 விழுக்காட்டினரின் வீச்சு (உச்சியில் பத்து, அடியில் பத்து விழுக்காட்டினரை விட்டுவிட்டு மற்றவர்கள் அடங்கும் வரம்பு) ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இடைநிலை அளவு 740 என்றால், ஜிமேட் மதிப்பெண்ணுடன் வந்து சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அந்த அளவிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கிறார்கள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் 2023-இல் நுழைந்த வகுப்பின் இடைநிலை அளவு, பழைய அளவுகோலில், 740 தான். அங்கே 720 உடன் படிப்பவரை யாரும் விதிவிலக்கு என்று சொல்ல மாட்டார்கள். எனவே இடைநிலையைவிட நடு 80 விழுக்காட்டு வீச்சின் கீழ் எல்லைதான் நமக்கு அதிகம் சொல்கிறது. அந்த எல்லைக்கு உள்ளே இருந்தால், மதிப்பெண் உங்களுக்கு உதவாவிட்டாலும் கெடுதல் செய்யாது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த எல்லைக்கும் கீழே இருக்கிற பத்து விழுக்காட்டினரைப் பற்றித்தான் கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வகுப்பில் 600 பேர் ஜிமேட் கொடுத்துச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். வீச்சுக்குக் கீழே 60 பேர் இருப்பார்கள். "அறுபது பேருக்குக் கிடைத்திருக்கிறதே" என்பது நம்பிக்கை தரும் செய்தியாகத் தோன்றும். அதே மதிப்பெண் வரம்பில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்பதை எந்தப் பள்ளியின் வகுப்பு விவரமும் சொல்வதில்லை. விண்ணப்பித்தவர்கள் 300 பேராக இருந்தால் நிலைமை வேறு, 3,000 பேராக இருந்தால் வேறு. அதோடு, அந்த அறுபது பேரும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதும் அந்தப் பக்கத்தில் இல்லை. இராணுவத்தில் படைப்பிரிவை வழிநடத்தியவர், தாம் தொடங்கிய நிறுவனத்தைப் பல ஆண்டுகள் நிலைநிறுத்திக் காட்டியவர், ஒலிம்பிக் அளவில் விளையாடியவர், அரிதான ஒரு துறையிலிருந்து வருபவர் என்று பலர் அங்கே இருக்கக்கூடும். வீச்சின் கடைசி எண்ணைப் பார்த்து, "540-க்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்கு 600 இருக்கிறது" என்று முடிவுகட்டுபவர், அந்த 540-ஐச் சுமந்து வந்த மனிதரின் மற்றத் தகுதிகளைப் பார்க்காமலேயே தம்மை அவருக்கு மேலே வைத்துக்கொள்கிறார். சரியான கேள்வி, "என் கோப்பில் அப்படி எது இருக்கிறது?" என்பதுதான்.

பள்ளிகள் இந்தத் தேர்வை ஏன் கேட்கின்றன என்பது தெரிந்தால் ஐயத்தின் தன்மையும் பிடிபடும். 1954-இல் முதன்முதலாக நடத்தப்பட்ட காலத்திலிருந்தே, இது படிப்பைத் தாக்குப்பிடிக்கும் திறனை முன்கூட்டி மதிப்பிடுவதற்கான தேர்வு. எம்பிஏவின் முதல் பருவங்களில் புள்ளியியல், நிதிக் கணக்கியல், நுண்பொருளியல், நிறுவன நிதி ஆகியவை அடுத்தடுத்து விரைவாக வந்து விழும். தலைமைத் திறனை அளக்கவோ, நல்ல மேலாளரைக் கண்டுபிடிக்கவோ இந்தத் தேர்வு உருவாக்கப்படவில்லை. சேர்க்கைக் குழுவில் இருப்பவர் உங்கள் குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "இவர் முதல் பருவத்தில் தடுமாறுவாரா?" என்பதுதான்.

இரண்டாவது கேள்வி ஒன்றும் உண்டு. இவருடைய மதிப்பெண் நம் தரவரிசையைக் கீழே இழுக்குமா என்பதே அது. அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. அமெரிக்கப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் யு.எஸ். நியூஸ் தரவரிசையின் கணக்கில், சேர்ந்த மாணவர்களின் ஜிமேட் மதிப்பெண்களுக்கும், அதற்கு மாற்றாகப் பள்ளிகள் ஏற்கும் ஜிஆர்இ தேர்வின் மதிப்பெண்களுக்கும் பங்குண்டு. ஃபைனான்சியல் டைம்ஸ் எம்பிஏ தரவரிசையில் அது கணக்கில் வருவதில்லை. அங்கே ஊதியமும் ஊதிய உயர்வும் பெரும்பங்கு வகிக்கின்றன. முதல் பட்டியலில் தன் இடத்தைக் காத்துக்கொள்ள நினைக்கும் பள்ளிக்கு, ஒவ்வொரு குறைந்த மதிப்பெண்ணும் கொஞ்சம் விலை கொடுத்து வாங்குகிற பொருளாகிவிடுகிறது. முதல் ஐயத்தை நீங்கள் சான்றுகளால் தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்க முடியாது. அந்த விலையைக் கொடுத்தாவது உங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் நினைக்கும்படி, கோப்பின் மற்றப் பகுதிகள் வலுவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள், எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் ஏன் கிடைக்கவில்லை என்று நெடுநாள் தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

இனி மதிப்பெண்ணின் உள்ளே போவோம். நான் அதிகம் வலியுறுத்துவது இந்தப் பகுதியைத்தான். புதிய ஜிமேட்டில் குவான்ட் (கணிதம்), வெர்பல் (மொழி), டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளைப் பகுத்தறிதல்) என்று மூன்று பகுதிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். ஒவ்வொன்றின் மதிப்பெண்ணும் 60 முதல் 90 வரை. மூன்றும் மொத்த மதிப்பெண்ணில் சம எடை பெறுகின்றன. ஆகவே குவான்ட் 80, வெர்பல் 80, டேட்டா இன்சைட்ஸ் 80 வாங்கியவருக்கும் 605 தான். 86, 80, 74 என்று வாங்கியவருக்கும் 605 தான். 74, 86, 80 என்று வாங்கியவருக்கும் அதே 605 தான். மொத்தம் ஒன்றாக இருந்தாலும் மூவரும் எழுப்பும் ஐயங்கள் வெவ்வேறானவை.

முதலாமவரிடம் எந்த ஒரு பள்ளமும் இல்லை. வாசிப்பவர் "சற்றுக் குறைவு" என்று குறித்துக்கொண்டு மேலே போவார். இரண்டாமவரின் குவான்ட் எந்தப் பள்ளிக்கும் போதுமானது. தரவுகளைப் பல இடங்களிலிருந்து திரட்டி முடிவெடுப்பதில்தான் அவருக்குச் சிக்கல். அவர் அன்றாட வேலையில் அட்டவணைகளோடும் வரைபடங்களோடும் புழங்குபவராக இருந்தால், அந்தச் சிக்கல் தேர்வறை சார்ந்தது என்பதை ரெஸ்யூமேயே சொல்லிவிடும். மூன்றாமவரின் நிலைமைதான் கடினமானது. குவான்ட் 74 என்பது, "முதல் பருவத்தில் தடுமாறுவாரா?" என்ற கேள்வியை நேரடியாக எழுப்புகிறது. அவர் இளநிலையில் இலக்கியமோ வரலாறோ படித்திருந்து, வேலையிலும் எண்களோடு தொடர்பில்லாதவராக இருந்தால், அந்த ஐயத்தைத் தீர்க்கக் கோப்பில் எதுவுமே இல்லாமல் போய்விடுகிறது. அதே 74-ஐ ஒரு தணிக்கையாளரோ காப்பீட்டுக் கணிப்பாளரோ வாங்கியிருந்தால், தொழில்முறைத் தேர்வுகளில் அவர் பெற்ற வெற்றி பாதி ஐயத்தைத் தீர்த்துவிடும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் சொல்லி வாய்ப்பைக் கேட்பவருக்கு என்னால் பதில் சொல்ல முடியாமல் போவது இதனால்தான்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இளம்பெண் தம் மதிப்பெண் அறிக்கையுடன் வந்தார். மருத்துவமனை நிர்வாகத்தில் பணிபுரிபவர். குவான்ட் 82, வெர்பல் 80, டேட்டா இன்சைட்ஸ் 72, மொத்தம் 565. தமக்கு இந்தத் தேர்வு ஒத்துவராது என்ற முடிவுக்கு அவர் ஏற்கெனவே வந்திருந்தார். புதிய தேர்வின் அறிக்கையில், ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் செலவிட்டோம், எந்த வகைக் கேள்வியில் எப்படிச் செய்தோம் என்ற விவரங்களும் வருகின்றன. அந்தப் பக்கத்தைத் திறந்து இருவரும் பார்த்தோம். டேட்டா இன்சைட்ஸின் 20 கேள்விகளுக்கு 45 நிமிடம் என்றால், கேள்விக்கு இரண்டேகால் நிமிடம். அவரோ தொடக்கத்தில் வந்த, பல மூலங்களிலிருந்து தகவல் திரட்டி விடை காணும் கேள்விகளில், திரையில் தனித்தனியே திறக்கும் மூன்று பக்கங்களையும் வரிக்கு வரி படித்து, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தார். அவற்றில் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன. கடைசியில் வந்த கேள்விகளுக்கோ அரை நிமிடம்கூட இல்லை. சிலவற்றைத் தொடவே இல்லை. விடையளிக்காமல் விட்ட கேள்விகளுக்கு இந்தத் தேர்வில் தண்டனை உண்டு. எனவே அந்த 72 அவருடைய பகுத்தறியும் திறனின் அளவு என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஒரு கேள்வியை விட்டுவிட்டு நகரும் மனத்துணிவு அவருக்கு அன்று இருக்கவில்லை என்பதைத்தான் அது காட்டியது.

அடுத்த முறை அவர் டேட்டா இன்சைட்ஸில் 78 வாங்கினார். மற்ற இரண்டும் அப்படியே இருந்தன. மொத்தம் 605 ஆகிவிட்டது. ஏதாவது ஒரு பகுதியில் ஆறு புள்ளி கூடினால் மொத்தத்தில் 40 கூடும் என்பது இந்தத் தேர்வின் கணக்கு; பலவீனமான ஒரே பகுதியில் உழைப்பைக் குவிப்பது ஏன் பலன் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அவருடைய 605 இப்போதும் அவர் விரும்பிய பள்ளியின் சராசரிக்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் மூன்று பகுதிகளில் எதிலும் பெரிய பள்ளம் இல்லாததால், கோப்பின் மற்றப் பகுதிகளைப் பற்றிப் பேச எங்களுக்கு இடம் கிடைத்தது.

மற்றப் பகுதிகளில் முதலிடம் இளநிலைப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியலுக்கு. தேர்வு மதிப்பெண்ணும் இளநிலை மதிப்பெண்ணும் சேர்ந்தால்தான் படிப்புத் திறனைப் பற்றிய கணிப்பு வலுப்பெறுகிறது. ஆகவே ஒன்று குறைந்து மற்றொன்று உயர்ந்திருந்தால் உயர்ந்ததைக் காட்டி வாதாடலாம். இரண்டும் குறைந்திருந்தால் வாதாடுவதற்குப் புதிய சான்று வேண்டும். அத்தகைய சான்றை உருவாக்க வழிகள் இருக்கின்றன. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைனில் நடத்தும் கோர் என்ற படிப்பில் வணிகப் பகுப்பாய்வு, மேலாளர்களுக்கான பொருளியல், நிதிக் கணக்கியல் ஆகிய மூன்றும் சேர்ந்தே வருகின்றன. ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் தொடர்கல்விப் பிரிவில் புள்ளியியலோ நுண்கணிதமோ படித்து, தரமதிப்பீட்டுடன் முடிக்கலாம். நிதி, முதலீட்டுத் துறையினருக்கான சிஎஃப்ஏ தேர்வின் முதல் நிலையில் தேர்ச்சி பெற்றிருந்தால் அதுவும் எடையுள்ள சான்று. இவற்றில் எதைச் செய்தாலும் நன்றாகச் செய்ய வேண்டும். பெயருக்கு ஒரு படிப்பை எடுத்துச் சுமாரான தரத்தில் முடிப்பவர், ஐயத்தைத் தீர்ப்பதற்கு மாறாக அதை உறுதிப்படுத்திவிடுகிறார்.

பரிந்துரைக் கடிதத்தின் வலிமையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். "இவர் புத்திசாலி, கடும் உழைப்பாளி" என்ற வரி எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது. அதை வாசிப்பவர் கண்கள் நில்லாமல் கடந்துவிடும். "விலை நிர்ணயத்தை மறுபரிசீலனை செய்ய இவர் உருவாக்கிய மாதிரியை எங்கள் நிதிப் பிரிவு சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டது, இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்" என்று மேலதிகாரி எழுதினால், குவான்ட் மதிப்பெண் எழுப்பிய கேள்விக்கு அது நேரான பதிலாக அமையும். கடிதத்தில் என்ன எழுத வேண்டுமென்று அவருக்கு நீங்கள் சொல்லக்கூடாது. ஆனால் நீங்கள் செய்த வேலைகளை நினைவூட்டும் குறிப்பைக் கொடுப்பதில் தவறில்லை. அந்தக் குறிப்பில் எண்கள் சார்ந்த வேலைகள் இடம்பெற்றிருக்கட்டும்.

கூடுதல் விளக்கத்துக்கென்று பல பள்ளிகள் தரும் விருப்பக் கட்டுரையைப் பற்றி என் கருத்தைக் கேட்பவர்கள் அதிகம். அங்கே புலம்பல் கூடாது. தேர்வு நாளில் காய்ச்சல், தேர்வறையில் சத்தம், சிறுவயதிலிருந்தே தேர்வுப் பயம் என்று எழுதப்பட்டவற்றை நான் நிறைய வாசித்திருக்கிறேன். அவை உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வாசிப்பவரின் ஐயம் அப்படியே எஞ்சி நிற்கிறது. நான்கைந்து வரிகள் போதும்: "என் குவான்ட் மதிப்பெண் உங்கள் வகுப்பின் பொதுவான நிலைக்குக் கீழே இருப்பதை அறிவேன். கடந்த மூன்று ஆண்டுகளாக எங்கள் பிரிவின் மாதாந்திரப் பணப்புழக்க முன்கணிப்பை நானே தயாரித்து வருகிறேன். இந்த ஆண்டு புள்ளியியலும் நிதிக் கணக்கியலும் படித்து, இரண்டிலும் உயர்ந்த தரம் பெற்றிருக்கிறேன், சான்றிதழ்களை இணைத்துள்ளேன்." குறையை ஒப்புக்கொண்டு, சான்றைக் காட்டி, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். காட்டுவதற்குச் சான்று எதுவும் இல்லையென்றால் அந்தக் கட்டுரையை எழுதாமல் விட்டுவிடுவதே நல்லது. குறையை மறுபடி நினைவூட்டுவதைத் தவிர அது வேறெதுவும் செய்யாது.

வெர்பல் மதிப்பெண் குறைந்தவர்களுக்குப் பரிகாரம் எளிது. கட்டுரைகளின் நடை, நேர்காணல், டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் ஆகியவை அந்த ஐயத்துக்குப் பெருமளவு பதில் சொல்லிவிடும்.

உங்களை யாரோடு ஒப்பிடுவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வகுப்பு பலதரப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், ஒத்த பின்னணி உள்ளவர்களின் விண்ணப்பங்கள் நடைமுறையில் ஒன்றையொன்று நெருக்குகின்றன. மென்பொருள் பொறியாளர்கள், முதலீட்டு வங்கியாளர்கள், ஆலோசகர்கள் ஆகியோர் பெருந்திரளாக விண்ணப்பிக்கிறார்கள். அவர்களுடைய மதிப்பெண்களும் பொதுவாக உயர்ந்தே இருக்கின்றன. அந்தத் திரளில் நிற்பவருக்குப் பள்ளியின் சராசரியே உண்மையான அளவுகோலாகிவிடுகிறது. சில வேளை அதற்கும் மேலே தேவைப்படுகிறது. ஆசிரியராகவோ, செவிலியராகவோ, வேளாண் கூட்டுறவை நடத்துபவராகவோ இருப்பவர் அவ்வளவு பெரிய திரளில் நிற்பதில்லை. இது நியாயமா என்று கேட்டால், தனிமனிதரின் கோணத்தில் நியாயமில்லை என்றே சொல்வேன். ஆனால் வாய்ப்பை எடைபோடும்போது, இருப்பதை இருக்கிறபடி பார்த்தாக வேண்டும்.

மீண்டும் தேர்வெழுதலாமா என்ற கேள்விக்கு வருவோம். ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையில் 16 நாள் இருக்க வேண்டும். 12 மாதத்தில் ஐந்து முறைக்கு மேல் எழுத முடியாது. மதிப்பெண் ஐந்து ஆண்டு செல்லுபடியாகும். புதிய தேர்வில், மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எதை அனுப்புவது என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், மறுபடி எழுதுவதால் மதிப்பெண் குறைந்தாலும் கோப்புக்குச் சேதமில்லை. நான் பார்க்கும் அளவுகோல் இது. வீட்டிலேயே எழுதிய அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து உயர்ந்த மதிப்பெண் வந்து, தேர்வறையில் மட்டும் சறுக்கியிருந்தால், மறுபடி எழுதுங்கள். அறிக்கையில் ஒரே ஒரு பகுதி பள்ளமாகத் தெரிந்தாலும் எழுதுங்கள். மாதிரித் தேர்வுகளும் உண்மைத் தேர்வும் ஒரே மதிப்பெண்ணையே காட்டிக்கொண்டிருந்தால், அதே முறையில் படித்து இன்னொரு முறை எழுதுவதால் பத்துப் புள்ளி கூடலாம், குறையவும் செய்யலாம். அந்த மாதங்களைக் கட்டுரைகளுக்கும் வேலையில் ஒரு பெரிய பொறுப்பை ஏற்பதற்கும் கொடுப்பது மேல் என்பது என் கணிப்பு.

ஜிஆர்இக்கு மாறுவதும் ஒரு வழி. 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இரு முக்கியப் பகுதிகளும் 130 முதல் 170 வரை. கணிதப் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் கிடைக்கும். மொழிப் பகுதியில் சொல்வளம் அதிகம் வேண்டும். ஜிமேட்டின் குவான்ட் பகுதியில் கால்குலேட்டர் கிடையாது. எது தமக்கு ஒத்துவரும் என்பதை இரண்டிலும் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். நீண்ட பணி அனுபவம் உள்ளவர்களுக்கு, எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்ற 90 நிமிடத் தேர்வைச் சில பள்ளிகள் ஏற்கின்றன. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் பல பள்ளிகள் தேர்விலிருந்து விலக்கு அளித்தன. சிலவற்றில் அது இன்றும் விண்ணப்பித்துப் பெறும் சலுகையாக நீடிக்கிறது. விலக்குக் கேட்பவரும் படிப்புத் திறனுக்கான சான்றைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

பள்ளிகளின் பட்டியலைத் தயாரிக்கும்போது, கனவுப் பள்ளிகளை இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். உங்கள் மதிப்பெண் நடு வீச்சுக்குள் விழும் பள்ளிகள் பட்டியலின் பெரும்பகுதியாக இருக்க வேண்டும். அவற்றையும் தரவரிசையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நீங்கள் நுழைய விரும்பும் துறைக்கு அங்கிருந்து எத்தனை பேர் போகிறார்கள் என்பதை வேலைவாய்ப்பு அறிக்கையில் பாருங்கள். ஒரு பள்ளியில் கடன் வாங்கிப் படிப்பதற்கும், இன்னொன்றில் உதவித்தொகையுடன் படிப்பதற்கும் உள்ள வேறுபாடு பட்டம் பெற்ற பிறகு பல ஆண்டுகள் நீடிக்கும். தகுதி அடிப்படையிலான உதவித்தொகையைப் பல பள்ளிகள் முடிவு செய்யும்போது தேர்வு மதிப்பெண்ணையும் பார்க்கின்றன என்பதால், இடம் கிடைக்கப் போதுமான மதிப்பெண்கூட உதவித்தொகைக்குப் போதாமல் போகலாம். மேலாண்மை ஆலோசனை நிறுவனங்களில் சில, வேலைக்கு எடுக்கும்போதும் ஜிமேட் மதிப்பெண்ணைக் கேட்கின்றன. அந்தத் துறையைக் குறிவைப்பவர்கள், இடம் கிடைத்துவிடும் என்று தோன்றினாலும், இன்னொரு முறை தேர்வெழுதுவது பற்றி யோசிக்கலாம்.

காலக்கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. பெரும்பாலான பள்ளிகளில் முதல் சுற்று செப்டம்பர், அக்டோபரை ஒட்டியும், இரண்டாம் சுற்று ஜனவரித் தொடக்கத்திலும் முடிகின்றன. மூன்றாம் சுற்று மார்ச், ஏப்ரலில் வரும்போது இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டிருக்கும். சில பள்ளிகளில் அந்தச் சுற்றே கிடையாது. சராசரிக்குக் கீழே மதிப்பெண் வைத்திருப்பவர் மூன்றாம் சுற்றில் விண்ணப்பிப்பதை நான் ஆதரிப்பதில்லை. புள்ளியியல் படிப்பு நவம்பரில் முடியும் என்றால், அரைகுறைக் கோப்பை முதல் சுற்றில் அனுப்பாமல், தரமதிப்பீடு கையில் வந்த பின் இரண்டாம் சுற்றில் அனுப்புங்கள். அந்தப் படிப்பு மார்ச் மாதத்தில்தான் முடியும் என்றால் அடுத்த செப்டம்பர் வரை காத்திருங்கள். இடைப்பட்ட மாதங்களில் வேலையில் உயர்வோ புதிய பொறுப்போ கிடைத்தால் கோப்பு மேலும் வலுப்பெறும். ஒருமுறை மறுக்கப்பட்டவர்கள் மறு ஆண்டு விண்ணப்பிப்பதைப் பள்ளிகள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சென்ற முறைக்குப் பின் என்ன மாறியிருக்கிறது என்று சில விண்ணப்பப் படிவங்கள் தனியே ஒரு கேள்வி கேட்கின்றன. அந்தக் கேள்விக்கு இன்றைக்கே ஒரு பதிலை எழுதிப் பாருங்கள். எழுத முடியாமல் நிற்கும் வரிகள்தான் அடுத்த சில மாதங்களுக்கான வேலைப் பட்டியல்.